அடியைப் பார்த்து வாங்கு

துடைத்த ஈரம் காயாத கிரானைட் மேடையில், கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை வைத்தேன். யாரும் தொடவில்லை. டம்ளர் தானாக நாலு விரற்கடை நகர்ந்து மேடை ஓரத்துக்குப் போனது. அக்கா மகள் எட்டிப் பிடித்தாள்.

"பேய் டம்ளரா மாமா இது?"

"பேயெல்லாம் இல்லம்மா. நீ வாங்கப்போற ஷூவோட முதல் பாடம்."

அவள் சென்னைத் துறைமுகத்தில் வார இறுதிகளில் பாய்மரப் படகு ஓட்டப் பழகச் சேர்ந்திருக்கிறாள். 1911-இல் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கும் துறைமுகம் அது. முதல் இரண்டு வகுப்பு முடிந்துவிட்டது. மூன்றாவது வகுப்புக்குள் நல்ல ஷூ வேண்டுமாம். செல்போனைத் திருப்பிக் காட்டினாள். பழுப்பு, நீலம், வெள்ளை என்று ஏழெட்டு ஜோடிகள்.

"எல்லாத்துக்கும் 'போட் ஷூ'ன்னுதான் பேர் போட்டிருக்கான். ஒண்ணு 800 ரூபாய், ஒண்ணு 8,000. எதை வாங்கட்டும்?"

"அடியைக் காட்டு."

படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முன்பக்கம் இருந்தது, பக்கவாட்டில் இருந்தது, கால்மேல் கால் போட்ட ஒரு மாடலும் இருந்தார். அடிப்பக்கத்தை மட்டும் ஒருவரும் படம் எடுத்திருக்கவில்லை. படகில் போட்டுக்கொள்ளும் ஷூவுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு அந்த அடிக்குத்தான் போகவேண்டும். அதைக் காட்டாமல் விற்பது, முகத்தைக் காட்டாமல் பெண் பார்க்க வரச் சொல்வது மாதிரி.

சரி, டம்ளருக்கு வருவோம். டம்ளரின் அடி நடுவில் குழிந்திருக்கும்; விளிம்பு மட்டும்தான் மேடையில் படும். அந்த விளிம்பைச் சுற்றி ஈரம் அடைத்துக்கொள்ள, உள்ளே சிக்கிய காற்று டீயின் சூட்டில் விரிந்து டம்ளரை மயிரிழை தூக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு டம்ளர் கல்லின் மேல் நிற்கவில்லை, தண்ணீரின் மேல் நிற்கிறது. மேடை துளி சாய்ந்திருந்தாலும் கிளம்பிவிடும். படகின் மேல்தளமான டெக்கில் ஷூ வழுக்குவதற்கு அந்தக் காற்றும் சூடும்கூட வேண்டாம். ரப்பருக்கும் டெக்குக்கும் நடுவில் மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று புகுந்துவிட்டால் போதும். ரப்பர் எவ்வளவு உயர்ந்த சரக்கானாலும், டெக்கைத் தொட்டால்தானே பிடிக்கும்? போதாக்குறைக்கு, காற்று வலுத்தால் பாய்மரப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும். ஓட்டுக் கூரைமேல், மழையில், கையில் கயிற்றோடு நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

"அப்ப பெரிய பெரிய பட்டன் வச்ச, மலையேறுற ஷூ வாங்கிட்டா?"

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். மழையில் மொட்டை டயர் வழுக்குகிறது, பள்ளம் உள்ள டயர் பிடிக்கிறது. ஆகவே பள்ளம் ஆழமாக ஆழமாக நல்லது என்று கணக்குப் போடுகிறோம். அந்தப் பட்டன்கள் மண்ணில் புதைந்து பிடிப்பதற்காகச் செய்தவை. டெக்கில் புதைய இடமேது? பட்டன்களின் தலை மட்டும் டெக்கைத் தொடும். நடுவில் இருப்பதெல்லாம் வெறும் காற்று. தொடும் ரப்பர் குறைந்தால் பிடியும் குறையும். அதோடு, இடுக்குகளில் சரளைக்கல்லும் மணலும் சிக்கிக்கொள்ளும். அதைச் சுமந்துகொண்டு படகேறினால், ஃபைபர் டெக்கின் பளபளப்பான ஜெல்கோட் பூச்சையும், தேக்குப் பலகை போட்ட டெக்காக இருந்தால் பலகையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலக் கீறிவிடும். படகுக்காரர் அப்புறம் கூப்பிடமாட்டார்.

டெக்குக்கு வேண்டியது தட்டையான, அகலமான ரப்பர். அதில் தலைமுடி அளவுக்கு நெருக்க நெருக்கமான கீறல்கள். நிற்கும்போது அவை கண்ணுக்கே தெரியாது. கால் வளையும்போது கீறல்கள் வாய் திறக்கும். ஒவ்வொரு கீறலின் விளிம்பும் கார் கண்ணாடியின் வைப்பர் போலத் தண்ணீரை வழிக்கும். வழித்த தண்ணீர் கீறலுக்குள் ஒதுங்கும். மிஞ்சிய ரப்பர் காய்ந்த டெக்கில் உட்கார்வது போல உட்காரும். இந்த வித்தைக்குச் சைப்பிங் என்று பெயர். 1923-இல் இதற்குக் காப்புரிமை பெற்ற ஜான் சைப் என்ற அமெரிக்கரின் பெயரால் வந்தது. மழை, பனிச் சாலைகளுக்கான டயர்களில் பெரிய பள்ளங்களுக்கு நடுவே பொடிப்பொடியாகக் கோடுகள் தெரியுமே, அவையும் இதே ஜாதிதான்.

இதைப் படகு ஷூவுக்குக் கொண்டுவந்தவர் பால் ஸ்பெர்ரி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்காரர், படகுப் பைத்தியம். ஈர டெக்கில் வழுக்கித் தண்ணீரில் விழுந்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1935 குளிர்காலத்தில் ஒருநாள், அவர் வளர்த்த பிரின்ஸ் என்ற காக்கர் ஸ்பானியல் நாய் பனிக்கட்டிமேல் தடுமாறாமல் ஓடுவதைக் கவனித்தார். பிடித்து அதன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். முழுக்கச் சின்னச் சின்ன வெடிப்புகள். பேனாக்கத்தியை எடுத்து ரப்பர் சோலில் மீன்முள் வடிவத்தில் கீறல் போட்டுப் பார்த்தார்; பிடித்தது. கறுப்பு ரப்பர் டெக்கில் கறை போட்டதால் வெள்ளை ரப்பருக்கு மாறினார். 1939-இல் அமெரிக்கக் கடற்படை அந்த ஷூவை ஏற்றுக்கொண்டது. இன்று சந்தையில் இருக்கும் நல்ல டெக் ஷூ எல்லாம், எந்தக் கம்பெனியுடையதானாலும், அந்த நாய்க்கு ஒரு பிஸ்கட் கடன்பட்டவை.

"அப்புறம் எப்படி மாமா இத்தனை டுபாக்கூர் வந்துச்சு?"

அதுவும் அமெரிக்கக் கதைதான். படகுக்காரர்களின் ஷூவைப் படகே இல்லாத கல்லூரிப் பிள்ளைகள் நாகரிகமாகப் போடத் தொடங்கினார்கள். 1980-இல் லிசா பர்ன்பாக் தொகுத்து வந்த 'தி அஃபிஷியல் பிரெப்பி ஹேண்ட்புக்' போன்றவை அதை இன்னும் பரப்பின. அதிலிருந்து மேல்பாகத்தை மட்டும் நகலெடுத்தால் போதும் என்றாகிவிட்டது. தோலைச் சுற்றி ஓடும் லேஸ், வெள்ளை விளிம்பு எல்லாம் அச்சாக இருக்கும். திருப்பினால் வழவழப்பான பிளாஸ்டிக். சிலவற்றில் அலை அலையாகக் கோடுகூட இருக்கும். அது அச்சில் வார்த்த அலங்காரம், வளைத்தால் திறக்காது. நான் முதன்முதலில் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்றுதான். நண்பரின் படகில் ஏறி மூன்றாவது அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நண்பர் தேற்றினார். ஆனை அந்த ஷூவைப் போட்டிருந்தால் இரண்டாவது அடியிலேயே விழுந்திருக்கும்.

ஆகவே கடையில் ஷூவை எடுத்தவுடன் தலைகீழாகத் திருப்புங்கள். அப்புறம் நாலு சோதனை.

முதலாவது, முன்பாதத்தைப் பிடித்துச் சோலை மேல்நோக்கி வளையுங்கள். கீறல்கள் வாய் திறக்கவேண்டும். அதோடு, ஷூவும் கால் மடங்கும் இடத்தில்தான் மடங்கவேண்டும். பலகை போல விறைத்தால் வேண்டாம்.

இரண்டாவது, நகத்தை அழுத்துங்கள். கொஞ்சம் அமுங்கி உடனே எழும்பினால் நல்ல ரப்பர். பிளாஸ்டிக் போல 'டக்' என்று எதிர்த்தால் ஈரத்தில் வழுக்கும். ரொம்ப மெத்தென்று அமுங்கினால் பிடி அபாரமாக இருக்கும், தேய்மானமும் அதே வேகத்தில் இருக்கும். ஓட்டப் பயிற்சி ஷூக்களில் வரும் நுரைபோன்ற கனமான அடி இங்கே உதவாது. ஈரத்தில் பிடிக்காது, உயரம் கூடுவதால் சாய்ந்த டெக்கில் கணுக்கால் மடங்கிக்கொள்ளும். கால் டெக்குக்குப் பக்கத்தில் இருக்கட்டும். படகு என்ன செய்யப்போகிறது என்று முதலில் சொல்வது பாதம்தான்.

மூன்றாவது, வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை விழுந்தால் டெக்கிலும் விழும். இப்போது கறை போடாத கறுப்பு ரப்பரும் வந்துவிட்டதால் நிறத்தை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம்.

நாலாவது, வீட்டுக்கு வந்தபின். புது ரப்பரில் வார்ப்பிலிருந்து பிரிய உதவும் வழுவழுப்பு ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு குளியலறை டைல்ஸில் தண்ணீர் ஊற்றி, ஷூவுக்குள் கையைவிட்டு அழுத்தி இழுத்துப் பாருங்கள். பக்கத்தில் வீட்டில் கிடக்கும் ரப்பர் செருப்பையும் இழுத்துப் பாருங்கள். வித்தியாசம் கைக்கே தெரியவேண்டும். தெரியாவிட்டால் பில்லைத் தேடுங்கள்.

அக்கா மகளுக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. நியாயமான சந்தேகம். "நம்ம மீனவங்க காலங்காலமா வெறுங்காலோடதானே கடலுக்குப் போறாங்க? 'கட்டுமரம்'ங்கற வார்த்தையையே இங்கிலீஷ்காரங்க நம்மகிட்டேருந்துதான் எடுத்துக்கிட்டாங்க. ஷூ எதுக்கு?"

வெறுங்கால் பிடிப்பதற்கு நிகர் கிடையாது, மறுக்கவில்லை. ஆனால் அது பிறந்ததிலிருந்து மணலிலும் மரத்திலும் பழகிக் காய்த்த, விரல் விரிந்த பாதம். அலுவலகத்தில் ஏசியில் வைத்திருக்கும் நம் பாதத்தை அதோடு சேர்க்க முடியாது. கட்டுமரத்தில் இரும்புச் சாமானும் கிடையாது. இன்றைய பாய்மரப் படகின் டெக்கைப் பாருங்கள்: கயிறு மாட்டும் கிளீட், கயிறு இழுக்கும் விஞ்ச், கப்பிகள், தண்டவாளம் மாதிரி ஓடும் டிராக். எல்லாம் கணுக்காலுக்குக் கீழே, உலோகத்தில், சுண்டுவிரல் உயரத்தில். பாயைத் திருப்பும் அவசரத்தில் யாரும் கீழே பார்த்து நடப்பதில்லை. சுண்டுவிரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. சித்திரை வெயிலில் டெக் தோசைக்கல். படகை இறக்கும் சாய்வுத் தளத்திலோ பாசியும், ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பி ஓடுகளும். சிப்பியிலிருந்து ஷூ காப்பாற்றும். பாசியிலிருந்து எந்த ஷூவும் காப்பாற்றாது. அங்கே மெதுவாக நடப்பது ஒன்றுதான் வழி.

அடுத்துக் கேட்கவேண்டியது, எந்தப் படகு என்பது. பழகுகிறவர்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் டிங்கி எனும் சின்னப் படகு. சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியதும் ஒற்றை ஆள் டிங்கிதான். பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். இந்தப் படகில் நடமாட்டமே குறைவு. படகு சாயச் சாய, ஓட்டுகிறவர் எதிர்ப்பக்க விளிம்பில் உட்கார்ந்து, நடுவில் இருக்கும் பட்டைக்கு அடியில் பாதத்தை மாட்டிக்கொண்டு, உடம்பை வெளியே சாய்த்துப் படகை நிமிர்த்தவேண்டும். அந்த இழுப்பெல்லாம் பாதத்தின் மேல்பக்கத்தில் விழும். கால் எப்போதும் தண்ணீரில் இருக்கும். பழகும் நாட்களில் படகு கவிழும், நீந்தவேண்டும். இதற்குத் தோல் டெக் ஷூ வாங்குவது மழைக்குப் பட்டுப்புடவை கட்டுவது. தண்ணீர் குடித்துக் கனக்கும், பட்டை அறுக்கும் இடத்தில் தையல் விடும். டிங்கிக்கு என்றே நியோப்ரீன் என்ற ரப்பர்த் துணியில் பூட்ஸ் வருகிறது: மெல்லிய ரப்பர் அடி, பாதத்தின் மேல்பக்கம் தடித்த ரப்பர் பூச்சு. நம் ஊர் வெப்பத்துக்குக் கனமில்லாததாக, உயரம் குறைந்ததாகப் பார்த்து எடுத்தால் போதும்.

நாலைந்து பேர் ஏறும் பெரிய படகில் முன்னும் பின்னும் நடக்கவேண்டும், பாய் மாற்ற முன்பக்கம் ஓடவேண்டும், படகுத்துறையிலிருந்து தாவவேண்டும். டெக் ஷூ பிறந்தது அதற்காக.

டெக் ஷூ என்று முடிவானால் மேல்பாகம் மூன்று வகை. எண்ணெய் ஊட்டிய தோல்: விலை கூடுதல், காலின் உருவத்துக்குப் பழகும், நல்ல கவனிப்பு இருந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். கேன்வாஸ்: மலிவு, காற்றோட்டம், கிழிந்தாலும் மனசு வலிக்காது. ஸ்பெர்ரியின் பழைய புகழ்பெற்ற வடிவங்களில் ஒன்று கேன்வாஸ்தான் என்பதால் அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். மூன்றாவது வலைத்துணியும் செயற்கைத் தோலும் கலந்தது: பக்கத்தில் தண்ணீர் வடியத் துளை இருக்கும், சீக்கிரம் காயும். சென்னைப் புழுக்கத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தோல் ஷூவில் குதிகாலைச் சுற்றி ஓடும் லேஸைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். நல்ல ஷூவில் முன்னால் இழுத்தால் குதிகால் வாய் இறுகும். நனைந்து தளர்ந்த தோலை மறுபடி காலோடு பிடிக்க வைக்கும் வேலை அதற்கு. இழுத்துப் பாருங்கள், பின்பக்கம் நகரவில்லையென்றால் அது சும்மா தைத்தது. லேஸ் போகும் வளையம் துருப்பிடிக்காத உலோகமா என்றும் பாருங்கள். உப்புத் தண்ணீருக்குச் சாதா இரும்பு ஒரு மாசக் கணக்கு.

அளவு பார்க்கச் சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், படகிலும் அப்படித்தான் இருக்கும். தோல் பழகப் பழக அகலத்தில் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. அதனால் அகலம் சற்றே பிடிக்கலாம், கட்டைவிரல் முட்டக் கூடாது. குதிகால் ஏறி இறங்கக் கூடாது. செருப்பிலேயே வளர்ந்த கால்களுக்கு முன்பாதம் அகலமாக இருப்பதைப் பார்க்கிறேன். அதற்காக ஒரு எண் பெரிதாக வாங்கினால் குதிகால் ஆடும். அகலமான வார்ப்பில் செய்த வேறு மாடலைத் தேடுவதே சரி. ஒரு காலில் நின்று, குந்தி எழுந்து, படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தால் நின்று பாருங்கள். விற்பனையாளர் ஒருமாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

"சரி மாமா, என்கிட்ட பணம் கொஞ்சம்தான் இருக்கு. மூணு மாசத்துல இதெல்லாம் பிடிக்காமப் போயிட்டா?"

அப்படியானால் இப்போதைக்கு டெக் ஷூவே வேண்டாம் என்றேன். பள்ளிக்கூடத்தில் போட்ட வெள்ளை பி.டி. ஷூ நினைவிருக்கிறதா? சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. கறை போடாத வெள்ளை ரப்பர், தாழ்ந்த அடி, கேன்வாஸ் மேல்பாகம். சைப்பிங் இல்லை, ஆகவே ஈரத்தில் நிதானம் வேண்டும். ஆனால் பழகும் டிங்கிக்கு மூன்று மாசம் தாங்கும். அதற்கு ஒரு படி மேலே பேட்மின்டன் ஷூ. உள்ளரங்கத் தரையைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக 'நான்-மார்க்கிங்' என்று எழுதி, தேன்நிற ரப்பரில் வரும். மென்மையான ரப்பர், பக்கவாட்டுப் பிடி, கடைத்தெருவெல்லாம் கிடைக்கும். அதற்கும் மேலே, விளையாட்டுச் சாமான் கடைகளின் சொந்தத் தயாரிப்பில் வரும் உண்மையான சைப்பிங் போட்ட டெக் ஷூ. அப்புறம்தான் பேர்பெற்ற தோல் ஷூக்கள். ஒவ்வொரு படியிலும் கூடும் காசு எங்கே போகிறது என்று பாருங்கள். அடிக்குப் போனால் கொடுக்கலாம். முத்திரைக்குப் போனால் அது உங்கள் விருப்பம்.

தள்ளுபடியில் எச்சரிக்கை ஒன்று. ரொம்ப நாள் குடோனில் கிடந்த சரக்கு பாதி விலைக்கு வரும். பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்த அடிகள் காற்றிலுள்ள ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதையும். போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். கல்யாணத்துக்கு வாங்கி அலமாரியில் வைத்த ஷூ, நாலு வருஷம் கழித்து எடுத்தபோது அடி மாவாக உதிர்ந்த அனுபவம் பல வீடுகளில் உண்டு. அடியை அழுத்தினால் பிசுபிசுப்போ மயிர்க்கோட்டு வெடிப்போ தெரிந்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கிய விலையைப் பாதியாக்குவது பராமரிப்பு. கரைக்கு வந்ததும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர். ஷூவை உள்ளும் புறமும் அலசவேண்டும். உப்பு காய்ந்து படிந்தால் தோலின் எண்ணெயை உறிஞ்சி வெடிக்க வைக்கும். பழைய பல்துலக்கும் பிரஷால் கீறல்களைத் தேய்த்துவிடுங்கள். மணல் அடைத்த கீறல் இருந்தும் இல்லாததுதான். செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில், காற்றாட வைக்கவேண்டும். மொட்டைமாடி வெயில் ஆகாது. பசை விட்டுப்போகும், தோல் சுருங்கும். தோலுக்கு அவ்வப்போது அதற்கான எண்ணெய்ப் பூச்சு. முக்கியமாக, டெக் ஷூவைத் தெருவில் போடாதீர்கள். தார்ச்சாலையில் தேயும்; தெருக்கல்லும் எண்ணெய்ப் பிசுக்கும் படகுக்கு வரும். பையில் கொண்டுபோய் படகுத்துறையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ரப்பர் நாளாக ஆகக் கெட்டிப்பட்டுப் பளபளக்கும். அப்போது பொடி உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் கொஞ்ச நாள் பிடி திரும்பும். தெருவில் 'அம்மி கொத்தலையோ' என்று கூவிக்கொண்டு வருவார்களே, அதே வேலைதான்: வழுவழுத்த அம்மியில் மிளகாய் அரைபடாது, வழுவழுத்த அடி டெக்கில் நிற்காது. ஆனால் கொத்திக் கொத்தி அம்மியும் ஒருநாள் தேயும். கீறல்களின் ஆழமே தேய்ந்துவிட்டால் ஷூவின் ஆயுள் அவ்வளவுதான், மேல்பாகம் புத்தம்புதிதாக இருந்தாலும்.

டீ ஆறிவிட்டது. அவள் செல்போனில் இருந்த ஏழெட்டையும் மூடிவிட்டு, பேட்மின்டன் ஷூ எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவள், ஸ்டாண்டில் இருந்த என் டெக் ஷூவை எடுத்தாள். மேலே ஒரு குறையும் இல்லை. தோல் மினுமினுத்தது, போன வாரம்தான் எண்ணெய் போட்டிருந்தேன். அவள் அதைத் தலைகீழாகத் திருப்பினாள். இரண்டு கையாலும் பிடித்து வளைத்தாள். நகத்தை அழுத்தினாள்.

ஒரு கீறலும் வாய் திறக்கவில்லை.

"மாமா," என்றாள், "ரெண்டு ஜோடியா வாங்கிடட்டுமா?"